அபார்ட்மென்டில் சேதமும் சண்டையும்: முதல் மணி நேரத்திலிருந்து லோக் அதாலத் வரை

லிஃப்ட் கண்ணாடி உடைந்தால் மாற்றிவிடலாம். காரில் ஆணியால் இழுத்த கோட்டை டிங்கரிங் கடையில் சரிசெய்துவிடலாம். ஆனால் "மூணாவது மாடிப் பசங்கதான் செஞ்சிருப்பாங்க" என்று யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஒரு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த வீட்டுக்காரர் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரமாட்டார். மெயின்டனன்ஸை இழுத்தடிப்பார். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று ஒப்புதல் கேட்டால் கையெழுத்துப் போடமாட்டார். கண்ணாடி மாற்றி வருஷக்கணக்கான பிறகும் அந்தக் கசப்பு படியில் எதிரெதிரே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அசோசியேஷன் வேலையில் இருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: சேதத்தைத் தனியாகவும், சண்டையைத் தனியாகவும் கையாள வேண்டும். சேதத்துக்குப் போட்டோ, தேதி, மதிப்பீடு, பழுதுபார்க்க ஓர் ஆள் போதும். சண்டைக்கு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். யார் செய்தார் என்று தெரிவதற்கு முன்பே பழைய பகையை எடுத்துச் சேதத்தின் மேல் ஒட்டும்போதுதான் சின்ன விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போகிறது.

பெரிய கேட்டட் கம்யூனிட்டிகளில் மேனேஜர், செக்யூரிட்டி ஏஜென்சி எல்லாம் இருப்பார்கள். ஒரு செக்ரட்டரி, ஒரு வாட்ச்மேன், ஒரு மோட்டார் ரூம் என்று ஓடும் எட்டு வீடு, இருபது வீடு கட்டடங்களில் எல்லாவற்றையும் நாமே பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னையிலும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் அப்படிப்பட்ட கட்டடங்களில் இருப்பவர்களை நினைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் மணி நேரம்: துடைக்காதீர்கள், படம் எடுங்கள்

சேதத்தைப் பார்த்தவுடன் வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொல்வதுதான் நம் வழக்கம். கண்ணாடித் துண்டு, அறுந்த ஒயர், தண்ணீர் கொட்டும் குழாய் என்று ஆபத்து இருந்தால் அதை மட்டும் முதலில் நிறுத்துங்கள். மற்றதைப் படம் எடுக்கும் வரை தொடாதீர்கள்.

ஒரே பொருளை மூன்று தூரத்திலிருந்து எடுங்கள். இடம் தெரியும்படி ஒன்று, பொருள் முழுதாகத் தெரியும்படி ஒன்று, சேதம் மட்டும் நெருக்கத்தில் ஒன்று. கார்க் கீறலென்றால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். நம்பர் பிளேட்டும் பார்க்கிங் எண்ணும் ஒரு படத்திலாவது வர வேண்டும். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: கடைசியாக நல்ல நிலையில் பார்த்தது யார், எப்போது, சேதமாகி முதலில் பார்த்தது யார், எப்போது. இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் கேமராவில் தேட வேண்டும். அது தெரியாமல் நாள் முழுக்கப் பதிவை ஓட்டிப் பார்ப்பவர்கள் பாதியிலேயே சலித்துப்போய் விட்டுவிடுவார்கள்.

கேமரா விஷயத்தில் அவசரம் உண்டு. கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியான டி.வி.ஆரில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். டிஸ்க்கின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்து ஒரு வாரத்திலும் நடக்கலாம், ஒரு மாதத்திலும் நடக்கலாம். "அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பாத்துக்கலாம்" என்று விட்டால் பார்க்க எதுவும் இருக்காது. அன்றைக்கே அந்த நேரத்துப் பதிவை பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். மானிட்டர் முன்னால் போனைப் பிடித்து வீடியோ எடுப்பது குரூப்பில் காட்டத்தான் உதவும், கோர்ட்டுக்கு உதவாது. பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) வேண்டும். பதிவு எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது, அப்போது அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்ததா என்பதைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதில் உறுதி சொல்ல வேண்டும். நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். அதனால் யார் எப்போது நகல் எடுத்தார் என்பதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பல கட்டடங்களில் டி.வி.ஆர். கடிகாரம் பத்து, இருபது நிமிஷம் தப்பாக ஓடும். அதன் திரையையும் உங்கள் போனில் உள்ள நேரத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துக்கொண்டால், "அந்த நேரத்துல நான் ஆபீஸ்ல இருந்தேனே" என்று ஒருவர் சொல்லும்போது உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருக்கும். அது அவரைக் காப்பாற்றவும் செய்யலாம்.

குரூப்பில் என்ன எழுதலாம்

எழுதாமல் இருக்க முடியாது. மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். பெயரோ, மாடியோ, "சில பேருக்கு அறிவே இல்லை" என்ற மறைமுகக் குத்தலோ இல்லாமல் எழுதுங்கள். கீழே உள்ளது போல ஒன்று போதும்:

"அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு 10 மணிக்கும் இன்று காலை 6 மணிக்கும் இடையில் லிஃப்ட் கண்ணாடி உடைந்துள்ளது. கேமரா பதிவு எடுத்து வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் வீட்டுக்குப் பொருள் வந்திருந்தாலோ, விருந்தினர் வந்திருந்தாலோ, ஏதாவது பார்த்திருந்தாலோ எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். கைதவறி உடைந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், செலவை மட்டும் பேசிக்கொள்ளலாம். தயவுசெய்து இது பற்றிய ஊகங்களைக் குரூப்பில் போட வேண்டாம்."

"கைதவறி உடைந்திருந்தால்" என்ற வரியை நீக்காதீர்கள். பல சேதங்கள் வேண்டுமென்று செய்தவை அல்ல. வாஷிங் மெஷினை லிஃப்டில் ஏற்றும்போது இடிப்பது, பேட்டைச் சுழற்றும்போது டியூப்லைட்டில் படுவது, பைக்கை எடுக்கும்போது பக்கத்துக் காரில் உரசுவது, இப்படித்தான் முக்கால்வாசி. ஒத்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்தால் ஆள் தானாக வந்து சொல்வார். குரூப்பில் நாலு பேர் திட்டிய பிறகு எவரும் சொல்லமாட்டார்.

ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று குரூப்பில் எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவின்கீழ் அவதூறு வழக்கு வரலாம். காருக்குக் கீறல் வாங்கியவரே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் போய் நிற்பார்.

சந்தேகம் யார் மேல் விழுகிறது

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தக் கட்டடமாக இருந்தாலும் முதல் சந்தேகம் வாட்ச்மேன், வீட்டு வேலை செய்யும் அக்கா, டெலிவரி பையன், வாடகைக்கு இருக்கும் பேச்சிலர்கள், வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இவர்கள் மேல்தான் விழுகிறது. இவர்களில் யாருக்கும் குரூப்பில் இடமில்லை. பதில் சொல்லவும் வழியில்லை. வேலைக்கு வருபவரின் பையைச் சோதிப்பது, வாட்ச்மேனை நாலு பேர் சூழ்ந்துகொண்டு மிரட்டுவது, சம்பளத்தில் பிடிப்பது எல்லாம் அநியாயம். அசோசியேஷனுக்கு அந்த உரிமையும் கிடையாது. அவர்களிடம் கேட்க வேண்டியது, எல்லோரிடமும் கேட்பது போலவே, "நீங்க எதாவது பாத்தீங்களா?" என்ற ஒரு கேள்விதான். உண்மையில், கட்டடத்தில் நடப்பதை அதிகம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மரியாதையாகக் கேட்டால் உதவியாகத்தான் இருப்பார்கள்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு சிறுவன் மேல் சந்தேகம் இருந்தால் அவனைப் பார்க்கிங்கில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். அப்பாவோ அம்மாவோ இருக்கும்போது, அவர்கள் வீட்டிலேயே, பதிவைக் காட்டிப் பேசுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அவனை அவமானப்படுத்திவிட்டால், அடுத்த முறை நிஜமாகவே வேண்டுமென்று உடைப்பான்.

பிறகு தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே காருக்குத் திரும்பத் திரும்பச் சேதம் என்றால் அது அநேகமாகப் பார்க்கிங் தகராறு. ஒரே கேமராவின் ஒயர் மட்டும் அறுக்கப்படுகிறது என்றால் அந்தக் கேமரா யார் வாசலைப் பார்க்கிறது என்று யோசியுங்கள். படிக்கட்டு மூலையில் எச்சில் கறை என்றால் எந்த வீட்டில் இன்டீரியர் வேலை நடக்கிறது என்று கேளுங்கள். தடம் கிடைத்தால், சேதத்துக்குப் பின்னால் பேசித் தீர்க்காத ஒரு பிரச்சினை ஒளிந்திருக்கிறது என்று பொருள். முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.

நேரில் பேசுவது எப்படி

இரவு பத்து மணிக்குக் கோபத்தோடு மேல் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். லிஃப்டில் நாலு பேர் இருக்கும்போதும் ஆரம்பிக்காதீர்கள். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் உங்ககிட்ட பேசணும், நாளைக்குக் காலைல வரலாமா?" என்று கேட்டுவிட்டு, தனியாகவோ இன்னும் ஒருவரோடோ போங்கள். கூட்டமாகப் போனால் அவர் பேச்சைத் தற்காப்பிலேயே தொடங்குவார்.

பேச்சை உங்களுக்கு நடந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். "நீங்க ராத்திரி முழுக்கச் சத்தம் போடுறீங்க" என்றால் பதிலுக்கு ஒரு குற்றச்சாட்டு வரும். "ராத்திரி பதினொரு மணிக்கு மேல நாற்காலி இழுக்கிற சத்தம் எங்க பெட்ரூம்ல அப்படியே கேட்குது மேடம், அம்மாவுக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றால் அநேகமாக "அப்படியா, எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்றுதான் வரும். பல நேரம் நிஜமாகவே தெரிந்திருக்காது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம் அது. வயதானவர் என்றால் "ஐயா", "அம்மா". பழக்கம் இருந்தால் "அண்ணா", "அக்கா". அந்த ஒரு சொல்லே பாதி வேலையைச் செய்துவிடும்.

கிளம்பும்போது ஏதாவது ஒன்றை முடிவாக்கிக்கொண்டு வாருங்கள்: யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது. அன்று மாலையே அவருக்கு மட்டும் ஒரு செய்தி: "இன்னிக்குப் பேசினதுக்கு நன்றி சார். 15-ஆம் தேதிக்குள் பிளம்பரை வரவைப்பதாகச் சொன்னீர்கள், நான் வீட்டில் இருப்பேன்." இது நட்பாகவும் இருக்கிறது, பிறகு தேவைப்பட்டால் பதிவாகவும் இருக்கிறது.

நீர்க்கசிவு: எல்லாச் சண்டைக்கும் தாய்

மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம். இதில் பேசாமல் போனவர்கள் எத்தனையோ பேர். "எங்க வீட்ல எங்கயும் ஒழுகலையே" என்று மேல் வீட்டுக்காரர் சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் தரை காய்ந்துதான் இருக்கும். தண்ணீர் டைல்ஸுக்குக் கீழேதான் போகிறது. அதனால் யார் மேல் தப்பு என்ற பேச்சுக்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள்.

முதலில் கீழிருந்து கவனியுங்கள். யாரும் தண்ணீரைப் பயன்படுத்தாத நேரத்திலும் சொட்டிக்கொண்டே இருந்தால், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில்தான் கோளாறு. இரவில் மேல் வீட்டு பாத்ரூம் வால்வை மூடிப் பாருங்கள். காலைக்குள் சொட்டு குறைந்தால் அது உறுதி. குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால், தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பைச் சுற்றியோ டைல்ஸ் இடுக்கிலோ பழுது. ஃப்ளஷ் செய்தால் மட்டும் என்றால் கமோடின் அடிப்பகுதி இணைப்பு. மழையில் மட்டும் வந்தால் மேல் வீட்டுக்காரர் மேல் பழியில்லை. வெளிச்சுவரோ மொட்டைமாடியோ காரணம், அது அசோசியேஷன் வேலை.

சந்தேகம் தீரவில்லை என்றால் வண்ணச் சோதனை இருக்கிறது. நஹானி டிராப்பைத் துணியால் அடைத்து, பாத்ரூம் தரையில் ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சமையலுக்குப் பயன்படும் ஃபுட் கலரைக் கலந்து ஒரு நாள் விடுங்கள். கீழே அதே நிறத்தில் வந்தால் தரை ஒழுகுகிறது. வராவிட்டால் அடைப்பை எடுத்து, வேறு நிறத்தை டிராப்புக்குள் ஊற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையை இரண்டு வீட்டாரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. கண்ணால் பார்த்ததற்கு மேல் வாதம் வராது.

செலவு யாருடையது? அந்த வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய், டைல்ஸ், டிராப், கமோடு என்றால் மேல் வீட்டு உரிமையாளர். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஷாஃப்டில் (குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளி) இறங்கும் குழாய் என்றால் அசோசியேஷன். பல கட்டடங்களின் பைலாவும் (சங்கத்தின் விதிமுறைகள்) இப்படித்தான் இருக்கும். உங்களுடையதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுச் சீலிங்கைப் பூசிப் பெயின்ட் அடிக்கும் செலவையும் வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், இல்லையென்றால் பிறகு அதற்கென்று தனிச் சண்டை வரும். மேல் வீட்டில் வாடகைக்கு இருப்பவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. ஹவுஸ் ஓனரைக் கூப்பிட வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால் மின்னஞ்சலில் படங்களோடு எழுதுங்கள். ஒத்திப்போடுபவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் சிலாபில் உள்ள கம்பி துருப்பிடித்து உப்பும், கான்கிரீட் வெடித்து விழும். அவர் நிற்கும் தரையும் அதே சிலாப்தான்.

அசோசியேஷன் எவ்வளவு தூரம் போகலாம்

பேசித் தீராதது அசோசியேஷனுக்கு எழுத்தில் வர வேண்டும். புகார் வந்தால் செக்ரட்டரி இரண்டு தரப்பையும் கேட்டு, கமிட்டியில் வைத்து, மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பல அசோசியேஷன்கள் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் பைலா பழைய காலத்தது என்றால் ஒரு வக்கீலிடம் கொடுத்துப் புதிய சட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். அபராதம் போடும் விதி பைலாவில் இல்லாமல் அபராதம் போட்டால், முதல் எதிர்ப்பிலேயே அது நிற்காது.

நோட்டீஸ் எளிமையாக இருக்கட்டும்:

"தங்கள் வீட்டுக்குப் பொருள் ஏற்றும்போது 4-ஆம் தேதி லிஃப்ட் கதவு சேதமடைந்தது கேமரா பதிவில் தெரிகிறது. பழுதுபார்க்க லிஃப்ட் நிறுவனம் கொடுத்த மதிப்பீடு இத்துடன் உள்ளது. பதிவைத் தாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இது குறித்துத் தங்கள் விளக்கத்தை 7 நாட்களுக்குள் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

பதிவைப் பார்க்கவும் பதில் சொல்லவும் வாய்ப்புக் கொடுப்பது முக்கியம். அது இல்லாத தீர்மானம் தண்டனையாகத்தான் தெரியும்.

தண்ணீர் இணைப்பை வெட்டுவது, லிஃப்ட் கார்டை முடக்குவது, நோட்டீஸ் போர்டில் பெயரை ஒட்டி அவமானப்படுத்துவது, இவையெல்லாம் கமிட்டிக்கு வேகமான வழியாகத் தோன்றும். செய்யாதீர்கள். வீட்டில் குழந்தையும் முதியவரும் இருக்கிறார்கள். தப்பு செய்தவர் ஒருவர், தண்டனை எல்லோருக்கும் என்றாகிவிடும். கோர்ட்டில் அசோசியேஷன்தான் பதில் சொல்ல வேண்டி வரும். வாடகைதாரருக்கு அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது.

அடிக்கடி வரும் மூன்று தகராறுகளுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவைத்தால் கூட்டத்தில் பாதிச் சத்தம் அடங்கும். பார்க்கிங்: திறந்தவெளிப் பார்க்கிங்கையும், கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவில் இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கையும் பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010-இல் மும்பைக் குடியிருப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் இட ஒதுக்கீட்டை எழுத்தில் போட்டு, தூணில் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள். சத்தம்: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. நாய்: வளர்ப்பு நாயே கூடாது என்று பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுத் தடை செய்ய முடியாது என்பது விலங்குகள் நல வாரியத்தின் நிலைப்பாடு. தெருநாய்களுக்கு உணவு வைக்கும் இடத்தைப் படிக்கட்டு, நுழைவாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி அசோசியேஷன் ஒதுக்கித் தர வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தடுப்பதை விட்டு, எந்த இடம், எந்த நேரம் என்று முடிவுசெய்வதுதான் வேலை.

எப்போது போலீஸ்

சில விஷயங்களில் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்கவே கூடாது. அடித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது, பெண்களைப் பின்தொடர்வது அல்லது ரகசியமாகப் படம் எடுப்பது, சாதி சொல்லித் திட்டியது, வண்டிக்குத் தீ வைத்தது, தண்ணீர்த் தொட்டியிலோ மின் பெட்டியிலோ கைவைத்தது, இவற்றுக்கு உடனே 100 அல்லது 112. பெண்களுக்கு 1091, குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567 என்று தனி எண்களும் இருக்கின்றன. அசோசியேஷன் "உள்ளுக்குள்ளேயே முடிச்சுக்கலாம்" என்று ஒரு பெண்ணின் புகாரை அமுக்குவது மன்னிக்க முடியாத தவறு.

மற்ற சேதங்களுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவு இருக்கிறது. வேண்டுமென்று பிறர் சொத்தைச் சேதப்படுத்தினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இழப்பு 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டு வரை, ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டு வரை. அதனால்தான் மதிப்பீட்டு ரசீது இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போகக்கூடாது என்கிறேன். தொகையை வைத்துத்தான் எந்த உட்பிரிவு என்பதே முடிவாகும்.

சின்னச் சேத வழக்குகளில் போலீஸ் தானாக விசாரணையைத் தொடங்க முடியாது; மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஆனாலும் புகார் கொடுப்பது வீண் இல்லை. தமிழ்நாட்டில் புகார் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள், கேட்டு வாங்குங்கள். அதே ஆள் மறுபடி செய்தால் அந்த ரசீதுதான் உங்கள் முதல் ஆதாரம். பல நேரம் எஸ்.ஐ. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவதிலேயே விஷயம் முடிந்துவிடும்.

மனுவில் கோபத்தை எழுதாதீர்கள். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, நான் மேற்படி குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். 12-ஆம் தேதி இரவு 11 மணிக்கும் மறுநாள் காலை 5.30 மணிக்கும் இடையில் எங்கள் கட்டடத்தின் பார்க்கிங் பகுதியில் இரண்டு கேமராக்கள் உடைக்கப்பட்டு ஒயர்கள் அறுக்கப்பட்டுள்ளன. நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. மூன்றாவது கேமராவில் ஒரு நபரின் உருவம் பதிவாகியுள்ளது. அந்தப் பதிவின் நகல், படங்கள், மதிப்பீட்டு ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். விசாரித்துத் தக்க நடவடிக்கை எடுக்கவும், மனு பெற்றதற்கான ரசீது வழங்கவும் வேண்டுகிறேன்."

யார் என்று உறுதியாகத் தெரியாதபோது பெயர் எழுத வேண்டாம். "சந்தேகம் உள்ளதா?" என்று அவர்கள் கேட்டால் காரணத்தோடு வாயால் சொல்லலாம். எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய பெரிய குற்றத்தில் ஸ்டேஷனில் மறுத்தால், மாவட்டத்தில் எஸ்.பி.க்கும் நகரத்தில் உயர் அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போக வழி இருக்கிறது.

காருக்குச் சேதம் என்றால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள். வேண்டுமென்று செய்த சேதத்துக்கு முழுப் பாலிசியில் இழப்பீடு உண்டு, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. ஆனால் சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

வழக்குக்கு முன்னால் இருக்கும் வழி

கசிவு, பார்க்கிங், இழப்பீடு போன்ற விஷயங்களில் நேரே சிவில் கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். வழக்குப் போடாமலேயே ஒரு மனு கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. கோர்ட் கட்டணமும் இல்லை. இலவச உதவிக்கான எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீலும் கிடைப்பார்.

மேல் வீட்டுக்காரர் பழுதுபார்க்க உள்ளேயே விடமாட்டேன் என்கிறார், சீலிங் இடியும் நிலை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் கோர்ட்டில் இடைக்கால உத்தரவு. ஒரு கட்டட இன்ஜினியரின் எழுத்துப்பூர்வ அறிக்கை கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

பழுதுபார்த்த பிறகு

உடைந்ததை வாரக்கணக்கில் அப்படியே விடாதீர்கள். உடைந்த லெட்டர்பாக்ஸுக்குப் பக்கத்தில்தான் அடுத்த லெட்டர்பாக்ஸும் உடையும். யாரிடம் பணம் வாங்குவது என்பது முடிவாகும் வரை பொது நிதியிலிருந்து செய்துவிட்டு, பிறகு வசூலித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங்கின் இருட்டு மூலைக்கு ஆள் நடமாட்டத்தில் எரியும் சென்சார் விளக்கு ஒன்று போடுங்கள். இன்னொரு கேமராவைவிட அது அதிகம் உதவும். கேமரா வைத்தால் பொது வழியை மட்டும் பார்க்கட்டும், யாருடைய வாசலுக்குள்ளோ ஜன்னலுக்குள்ளோ பார்க்கக்கூடாது. பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். யார் எப்போது பதிவைப் பார்த்தார் என்று ஒரு நோட்டு வையுங்கள். வீடு மாறும்போதும் இன்டீரியர் வேலை நடக்கும்போதும் திருப்பித் தரும் டெபாசிட் ஒன்றை வாங்குவதும், லிஃப்டின் உள்பக்கம் பிளைவுட்டோ தடித்த துணியோ கட்டுவதும் பொதுக்குழுவில் தீர்மானமாகிவிட்டால் லிஃப்ட் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பிள்ளைகள் விளையாட ஓர் இடமும் நேரமும் ஒதுக்குங்கள். எங்கேயும் விளையாடக்கூடாது என்ற கட்டடத்தில் அவர்கள் கார்களுக்கு நடுவில்தான் விளையாடுவார்கள்.

செக்ரட்டரி மாறும்போது ஒரு ஃபைலைக் கையில் கொடுங்கள். பைலா, மினிட்ஸ், பார்க்கிங் வரைபடம், சி.எஸ்.ஆர். ரசீதுகள், கசிவுச் சோதனைப் படங்கள், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், டி.வி.ஆர். பாஸ்வேர்டு, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்கள், வீட்டு உரிமையாளர்களின் முகவரிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாளில், எந்த இரண்டு வீட்டுக்கிடையில் என்ன ஒத்துக்கொள்ளப்பட்டது, எந்தத் தேதியில், எது இன்னும் பாக்கி என்று எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள்.